பதிவுக்குக் கீழே அப்பா

தஞ்சோங் மாலிம்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள தினேஸ்வரி அக்காவுக்கு,

தம்பி பவித்ரன் எழுதுவது. நானும் மாதுமையும் நல்லபடியாக இருக்கிறோம். கார் தொழிற்சாலையில் இந்த மாதம் எனக்குக் காலை ஷிப்ட். நீயும் மச்சானும் சுகம்தானே? வீட்டில் இருக்கிற இன்னொருவரும் சுகம் என்று நினைக்கிறேன்.

போன் பண்ணாமல் ஏன் ஈமெயில் என்று பார்க்கிறாயா? போன் வந்தால் ஹாலில் இருப்பவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார் என்று நீதான் சொன்னாய். அதோடு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் நசுங்கிப்போகும். எனக்கு நசுங்காத படம் ஒன்று வேண்டும்.

பதினாறு வயதிலிருந்து நான் ஒரு போரத்தில் எழுதுவது உனக்குத் தெரியும். பழைய கப்சாய் மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசுகிற இணையக் களம். இந்தக் காலத்தில் யார் போரத்தில் எழுதுகிறார்கள் என்று மாதுமை சிரிக்கிறாள். சிரிக்கட்டும், நாங்கள் கொஞ்சம் பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறோம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்துப் படம் உண்டு. என்ன பதிவு போட்டாலும் அதன் அடியில் சின்ன பேனர் மாதிரி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். என்னுடையது நெருப்புப் பிடித்த மண்டை ஓடு. கல்யாணமான ஆளுக்கு அது அழகில்லை.

அதை எடுத்துவிட்டு அப்பாவும் அவருடைய ஹோண்டா கப்சாயும் நிற்கிற படத்தை வைக்க ஆசை. பீடோர்த் தோட்டத்தில் அவர் லோரி ஓட்டிய காலத்தில் எடுத்தது, ஆல்பத்தில் இருக்கும். நீ பேனர் கடையில் நாள் முழுக்கப் போட்டோஷாப்போடுதானே குடித்தனம் நடத்துகிறாய், செய்து கொடு. அகலம் ஐந்நூறு பிக்சல், உயரம் நூற்றைம்பது. அதற்கு மேல் போனால் போரம் ஏற்காது.

அவரிடம் சொல்ல வேண்டாம்.

அன்புத் தம்பி,
பவித்ரன்


புந்தோங், ஈப்போ
12 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கும் மாதுமைக்கும் அக்காவின் அன்பு. நேற்றோடு தைப்பூசம் முடிந்தது, என் முதுகும் முடிந்தது. தண்ணீர்ப் பந்தல் பேனர் மட்டும் எத்தனை அடித்தேன் என்று கணக்கே இல்லை. மச்சான் சுகம்.

மூன்று வருஷம் பேசாத மனிதரை, நீ எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் கீழே உட்கார வைக்கப் போகிறாய். அதைவிட ஒரு போன் பண்ணுவது சுலபம். உன் கல்யாணத்தில் மாதுமையின் அப்பா மைக்கைப் பிடித்து, 'தோட்டத்தில் லோரி ஓட்டியே மகனைப் படிக்க வைத்தவர் எங்கள் சம்பந்தி' என்று சொன்னார். அருளம்பலம் மாமா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது குத்தலாகப் பட்டது, சாப்பிடாமல் எழுந்து போனார். நீயும் எல்லார் முன்னாலும் 'போறவங்க போகட்டும்லா' என்றாய். இரண்டு பேரும் இன்னும் அந்த மண்டபத்தை விட்டு வெளியே வரவில்லை. சரி, நான் எதுவும் சொல்லவில்லை.

ஆல்பத்தை இறக்கும்போது அப்பா பார்த்துவிட்டார். "எதுக்கு இப்ப அது?" என்றார். கடை வேலைக்கு என்றேன். "என் மூஞ்சிய வச்சு என்னா வேலை?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா சுகம். மாடிப்படி ஏறும்போது இப்போதெல்லாம் நடுவில் நின்று நின்று வருகிறார். முட்டி வலி என்கிறார். கீழ் வீட்டு நல்லம்மாள் அக்கா வைத்த பப்பாளி காய்த்துத் தள்ளுகிறது, தினமும் எங்கள் வீட்டில் பப்பாளிக் கூட்டு. முதல் மாதிரியை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்.

உன் அக்கா,
தினேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
15 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். மாதுமை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

நீ அனுப்பியதைத் திறந்தேன், போன் நின்றுபோனது. ஆறடிக்கு நான்கடி அளவில் அனுப்பியிருக்கிறாய். இது கோயில் வாசலில் கட்டுவதற்கு இல்லை அக்கா. மூலைக்கு ஒரு மயில், அடியில் தாமரை, அப்பா தலைக்குப் பின்னால் சுற்றுகிற சக்கரம். போரத்தில் கமுந்திங்கைச் சேர்ந்த ரோஸ்லி என்று ஒருவன் இருக்கிறான். இதைப் பார்த்தால் எந்தக் கோயில் திருவிழா என்று கேட்பான்.

சொல்வதைக் கேள். அப்பாவையும் வண்டியையும் மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடு. பின்னால் தெரிகிற தோட்டத்து ஆபீஸ் வேண்டாம், அந்த இடத்தில் ஒரே நிறத்தை மங்கலாகப் பரப்பு. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். எந்தப் பக்கம் என்பதை அவர் முகத்து நிழலைப் பார்த்து முடிவு செய். எழுத்து சின்னதாக, ஓரமாக. சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. கண் முதலில் முகத்துக்குப் போகணும், அங்கிருந்து வண்டியின் கைப்பிடிக்கு இறங்கணும். அவ்வளவுதான்.

முட்டிக்கு டாக்டரிடம் காட்டினாரா? சும்மா கேட்டேன்.

உன் தம்பி,
பவித்ரன்


புந்தோங், ஈப்போ
28 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

மயில் வேண்டாமென்றால் போ. நீ சொன்னபடியே செய்திருக்கிறேன். வண்டிச் சக்கரத்துக் கம்பிகளுக்கு இடையில் இருப்பதை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்ததில் கண் பூத்துவிட்டது. முதலாளி குமுதா அக்கா எட்டிப் பார்த்து, "யார் ஓடர் இது, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ற?" என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். அப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

பழைய படமில்லையா, கலர் போய் அப்பா முகம் பச்சையாகத் தெரிந்தது. அதனால் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டேன். கையில் சிகரெட் இருந்தது, அழித்துவிட்டேன். காலரை நேராக்கி, சட்டையின் மேல் பட்டனையும் போட்டுவிட்டேன். முகத்துக்குப் பின்னால் லேசாக வெள்ளை வெளிச்சம். கீழே ஜெயபாலன் என்று பெயர், அதற்கும் கீழே படம் எடுத்த வருஷம் 1988. சுற்றிக் கறுப்புக் கோடு. முடித்த பிறகு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுதேன் என்று நினைக்காதே, கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.

அப்பா சுகம். வியாழக்கிழமைகளில் நான் கடையில் இருப்பதில்லை. அன்றைக்கு எழுதினால் பதில் தாமதமாகும்.

உன் அக்கா,
தினேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா, மச்சான் சுகமா, அப்பா சுகமா? மூன்றாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விவரமாகப் பதில் எழுது.

படம் பிரமாதம். ஏற்றிவிட்டு, செயின் கவர் எங்கே கிடைக்கும் என்று ஒரு பதிவு போட்டேன். யாரும் செயின் கவரைப் பற்றிப் பேசவில்லை. ரோஸ்லி முதலில் வந்து 'தக்சியா' என்று எழுதினான். மலாய்க்காரர்கள் சாவுக்குச் சொல்கிற ஆறுதல் அது. நோன்பு மாதத்தில் ஏதோ நல்ல வார்த்தை சொல்கிறான் என்று நினைத்து, நான் 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லிவிட்டேன். ஷிப்ட் இடைவேளையில் அரைக்கண்ணால் படித்ததன் பலன். வீட்டுக்காரனே நன்றி சொன்ன பிறகு சந்தேகம் ஏது? வரிசையாக வந்து துக்கம் விசாரித்துவிட்டார்கள்.

2014-இல் இவர்கள் வண்டிகளோடு நம் வீட்டுக்கு வந்தார்களே, நினைவிருக்கிறதா? ஆளுக்கு ஒன்று எழுதியிருக்கிறார்கள். 'ஹெல்மெட் வாரைப் பூட்டாததற்கு உன் அப்பா என்னைத் திட்டினார், அதற்கப்புறம் நான் பூட்டாமல் ஓட்டியதே இல்லை' என்கிறான் ரோஸ்லி. பீடோரிலிருந்து ஆ செங் எழுதியதைக் கேள். 'வண்டிக் கண்ணாடி கேட்டேன். இடது பக்கத்தை மட்டும் கொடுத்தார். வலது பக்கத்துக்கு இன்னொரு தடவை வா, ரெண்டையும் கொடுத்தா நீ வர மாட்ட என்றார். நான் போகவே இல்லை.' ஜூன் முதல் ஞாயிறு எல்லாரும் வண்டியில் புந்தோங் வீட்டுக்கு வரப்போகிறார்களாம், மாலையோடு.

அப்பா உயிரோடு இருக்கிறார் என்று எழுத உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறார் என்று அடுத்தாற்போல் கேட்பார்கள். எனக்குத் தெரியாதே அக்கா. அதனால் எழுதவில்லை.

அப்புறம்தான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். உன் கடையில் நாளிதழுக்கு நினைவஞ்சலி விளம்பரம் செய்து கொடுப்பாயே, அதேதான். செத்தவர்கள் படத்தில்தான் சிகரெட்டை அழிப்போம், மேல் பட்டனைப் போட்டுவிடுவோம், அது கடை வழக்கம் என்று நீயே ஒருநாள் சொன்னாய். ஏன் அக்கா அப்படிச் செய்தாய்?

பவித்ரன்


புந்தோங், ஈப்போ
24 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமே விரும்புகிறேன். பழக்க தோஷம்தான், வேறென்ன. வாரத்துக்கு நாலு நினைவஞ்சலி செய்கிற கை. கலர்ப் படம் ஒன்று இணைத்திருக்கிறேன், மாற்றிவிடு. போரத்தில் உண்மையைச் சொல்லிவிடு. அப்பா சுகம்.

தினேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
26 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம்.

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்து நான் பார்த்ததில்லை. பப்பாளிக்குக்கூட நாலு வரி எழுதுகிறவள் நீ. அப்பாவுக்கு மட்டும் எப்போதும் 'சுகம்' என்று ஒரே வார்த்தை. வியாழக்கிழமை எங்கே போகிறாய்?

படத்தை நான் மாற்றவில்லை. நீ பதில் எழுதும்வரை அப்படியே இருக்கட்டும்.

பவித்ரன்


புந்தோங், ஈப்போ
13 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நாளை சித்திரை பிறக்கிறது. உனக்கும் மாதுமைக்கும் புது வருஷம் நல்லதாக இருக்கட்டும். இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதி எழுதி அழித்தேன்.

முட்டி இல்லை, இருதயம். மூன்று குழாயில் அடைப்பு. வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போகிறேன். மே ஆறாம் தேதி நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். டாக்டர் நல்லபடியாகத்தான் பேசுகிறார். ஆனால் வயதும் சர்க்கரையும் இருப்பதால் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கிவிட்டார். "சொன்னா வருவான், தெரியும். சாவு வீட்டுக்கு வர மாதிரி வந்து தலை குனிஞ்சு நிப்பான். எனக்கு அப்படி வேணாம்லா. வரணும்னு தோணி வந்தா வரட்டும்" என்றார். இப்போது சத்தியத்தை மீறிவிட்டேன். அம்மா என்னைப் புரிந்துகொள்வாள்.

படத்தைப் பற்றிக் கேட்டாய். நான் வேண்டுமென்று செய்யவில்லை. நீ எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்த நாளிலிருந்து, கடையில் யாருடைய நினைவஞ்சலி வந்தாலும் அதில் அப்பா முகம்தான் தெரிகிறது. பட்டனைப் போட்டது என் கை இல்லை, என் பயம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது பவித்ரா. மச்சானிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

வா என்று சொல்லத்தான் கை துடிக்கிறது. ஆனால் நோய்க்காக வந்தாய் என்று தெரிந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். வேறு வழி ஏதாவது இருந்தால் நீயே யோசி.

உன் அக்கா,
தினேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
17 ஏப்ரல் 2025

(அக்கா, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. நீ சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்ததா?)

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

பவித்ரன் எழுதுகிறேன். நானும் மாதுமையும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

ஒரு தப்பு நடந்துவிட்டது, நீங்கள்தான் சரி செய்ய வேண்டும். நான் எழுதுகிற மோட்டார்சைக்கிள் போரத்தில் என் பதிவுகளுக்கு அடியில் உங்கள் படத்தை வைத்தேன். அக்கா செய்து கொடுத்த அழகில், நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாக எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் தெரியாமல் நன்றி சொல்லித் தொலைத்தேன். அவர்கள் எழுதியதை அக்காவிடம் அனுப்பியிருக்கிறேன், படிக்கச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போது இப்படியெல்லாம் கேட்க எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஜூன் மாதம் மாலையோடு வாசலுக்கே வருவதாக இருக்கிறார்கள்.

என்ன பதில் எழுதட்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நானாக எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர்கள் உங்களைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறார்கள். படிக்கப் படிக்கப் பொறாமையாக இருந்தது அப்பா. மூன்று வருஷத்தில் உங்களைப் பற்றி எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

உங்கள் மகன்,
பவித்ரன்


புந்தோங், ஈப்போ
22 ஏப்ரல் 2025, செவ்வாய்

மகன் பவித்ரனுக்கு,

அப்பா சொல்ல அக்கா எழுதுறது. நான் சொல்றத அப்படியே அடிக்கணும்னு சொல்லியிருக்கேன். சுகமான்னு கேக்குறதெல்லாம் வேணாம்னேன், கேட்டுத்தான் ஆகணும்னு அது நிக்குது. சுகமா?

உன் கடுதாசிய ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன். ரெண்டாவது தரம் அது அழுதுகிட்டே படிச்சதுல பாதி விளங்கல.

ரோஸ்லிய நான் திட்டல. திட்டியிருந்தா அவன் வேற மாதிரி எழுதியிருப்பான். பீடோர்ச் சீனப் பையனுக்கு எழுது, அந்தக் கண்ணாடி இன்னும் அலமாரி மேல பேப்பர்ல சுத்தி இருக்கு, வந்து எடுத்துக்கட்டும். ஜூன்ல எல்லாரும் வரட்டும்லா. அதுக்குள்ள எழுந்து நடந்துடுவேன். மாலை மட்டும் வேணாம்னு சொல்லிடு.

இப்ப நடந்துடுவேன்னு சொன்னது என்னான்னு உனக்குத் தெரியும். அக்கா மூஞ்சில ஒண்ணும் தங்காது, அது உனக்குச் சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருச்சு. நெஞ்சத் திறக்கிறாங்க. எத்தனையோ இன்ஜின் திறந்து மூடுன ஆளு நான். திறக்கிறவனுக்கு மூடத் தெரியும். பயம் இல்ல. கொஞ்சம் இருக்கு.

அந்தப் படத்த அக்கா கம்ப்யூட்டர்ல காட்டுச்சு. வேலை சுத்தமா இருக்கு, ஆனா அந்த ஆளு செத்துட்டான். அத எடுத்துடு. புதுசா ஒண்ணு போடு, உசுரோட இருக்கிற ஆளு மாதிரி. அத எடுக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். அக்கா எடுத்தா தலைய வெட்டிடும். உன் மச்சான் எடுத்தா அவன் விரல்தான் தெரியும். நீ வா. ஆஸ்பத்திரிக்கு வராத, வீட்டுக்கு வா. இந்தச் சனிக்கிழமை வா. மருமகளக் கூட்டிட்டு வா, அத என் பக்கத்துல நிக்க வச்சு எடுக்கணும். அருளம்பலத்த நான் விசாரிச்சேன்னு அதுகிட்ட சொல்லு. மனசுல ஒண்ணும் வச்சுக்க வேணாம்னும் சொல்லு.

அப்பா,
ஜெயபாலன்

தம்பி, இது நான். அப்பா சொன்னது இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் உள்ளே போய் நீலச் சட்டை ஒன்றை எடுத்து வந்து, "இத இஸ்திரி போட்டுக் குடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். நாற்காலியில் தொங்கவிட்டு, அதற்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதான் என்று சொன்னேன், தெரியும் என்கிறார்.


22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் ஈமெயிலை நானும் மாதுமையும் ஒன்றாகப் படித்தோம். படித்து முடித்ததும் அவள் கார் சாவியை எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை வரைக்கும் அந்த இஸ்திரி தாங்காது. சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். ஏதாவது அவசரமா என்றார். அப்பாவைப் போட்டோ எடுக்கணும் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போய் வா என்றார்.

அவள் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் போனில் அடிக்கிறேன். சிலிம் ரிவர் தாண்டிவிட்டோம். அப்பாவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்.

பவித்ரன்